மனையும் வீடும்: செங்கற்பட்டுச் சீமையின் கதை

எல்லிஸ் துரை என்றவுடன் இலக்கிய அன்பர்களுக்கு நினைவில் எழுவன இரண்டு. ஒன்று, அவர் திருக்குறள் மீது கொண்டிருந்த காதல். மற்றொன்று, தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816ஆம் ஆண்டிலேயே அவர் எழுதி வைத்தது. அதே எல்லிஸ், மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட பதினேழு வினாக்களுக்கு எழுதிய விடைகள் 1818இல் நூலாக வெளிவந்தன என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. தொண்டை மண்டலத்து ஊர்களில் நிலத்தின் மீது யாருக்கு என்ன உரிமை என்பதே அந்நூலின் பொருள். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை, ஏழைகளின் குடியிருப்புக்காகத் தொண்டு அமைப்புகள் இன்றுவரை நடத்திவரும் முயற்சிகளைப் புரிந்துகொள்ள, இந்த மிராசு விவகாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள், ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலை அறிந்திருப்பார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் அங்கே இறையிலியாக எண்ணப்பட்டுள்ளன. சேரிக்கு ஊரில் வரையறுத்த இடம் உண்டு என்பது அதனால் தெளிவாகிறது. அந்த இடத்தில் குடியிருப்பவருக்கு அதன் மீது உரிமை உண்டா என்பதற்குப் பட்டியலில் விடையில்லை. 1763இல் நவாப் இச்சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்த பின், எழுத்தில் உரிமைகளைப் பதியும் காலம் வந்தது. விளைநிலம் மட்டுமன்றித் தரிசும், நத்தமும், சேரி மனைகளும் தங்கள் மிராசுக்கு உட்பட்டவையே என மிராசுதாரர்கள் வாதிட்டனர். அந்த வாதம் பெரிதும் நிலைபெற்றது.

அதன் விளைவை முழுமையாக எடுத்துரைத்தவர் செங்கற்பட்டின் கலெக்டராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர். இம்மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி 1891 அக்டோபரில் அவர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை புகழ்பெற்றது. ஏழை ஒருவர் தரிசு நிலம் வேண்டித் தர்க்காஸ்து கொடுத்தால், அந்நிலத்தை முதலில் கேட்கும் உரிமை மிராசுதாருக்கே இருந்தது. மனுச் செய்தவர் குடியிருக்கும் குடிசையின் மனையும் அதே மிராசுதாருடையது. ஆகவே நிலம் கேட்பவர், தம் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பணயம் வைத்துத்தான் கேட்க வேண்டும். கூலி உயர்வு கேட்பவருக்கும், படியாள் நிலையிலிருந்து விலகி வேறிடம் வேலை தேடுபவருக்கும் இதே கதிதான். விலங்கு பூட்டாமலே ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைக்க அந்த ஒரு துண்டு மனை போதுமாயிருந்தது.

இந்தச் சூட்சுமத்தை அக்காலத் தொண்டு அமைப்புகளில் சில நன்கு உணர்ந்திருந்தன. செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் பாதிரியாராயிருந்த ஆடம் ஆண்ட்ரு, திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகியோர் பள்ளிக்கூடத்தோடு நில்லாமல் நிலத்துக்கும் மனைக்கும் வாதாடினர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து மெல்ரோசாபுரம், ஆண்ட்ருவின் முயற்சியால் உருவான குடியேற்றம். ஸ்காட்லாந்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கி இன்றும் அது நிற்கிறது. அவர்களுடைய நோக்கத்தில் மதமாற்றமும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மிஷன் நிலத்தில் குடியேறியவருக்கு மிராசுதாரின் கெடுபிடி நீங்கியது. மிஷனின் கட்டுப்பாடு அவ்விடத்தில் வந்தமர்ந்தது.

இது பாதிரிமார் மட்டுமே எழுப்பிய குரலன்று. இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்து, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1891 டிசம்பரில் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். உரிமை வேண்டுவோர் தாமே சங்கம் கூடி மனுக்கொடுக்கும் மரபு இங்கிருந்து வளர்ந்ததே.

அரசு என்ன செய்தது? 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட ஆணையின் வழியே, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க இசைந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று அழைப்பதன் மூலம் அதுவே. குறிப்பிட்ட காலம்வரை விற்கலாகாது, அதன் பின்னரும் அவ்வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனைகள் அதனோடு சேர்ந்தன. எனினும் மிராசுதாரின் பிடியிலிருந்த சேரி மனையில் கைவைக்க அரசு தயங்கியது. ஒதுக்க முன்வந்தது தரிசு நிலம். அடிமைத்தளைக்கு ஆணிவேராயிருந்ததோ குடியிருக்கும் மனை. இக்கால ஆவணங்களை விரிவாக ஆராய்ந்து ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூல், இத்தயக்கத்தின் அரசியலை நன்கு விளக்குகிறது.

1920இல் தொழிலாளர் துறை அமைந்த பிறகே மனைக்கான நிலத்தை அரசு கையகப்படுத்தத் தொடங்கியது. மனை பெறுவோரைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டி, நிலத்தின் விலையைத் தவணையில் திரும்பப் பெறுவது அந்நாளைய ஏற்பாடு. மிராசுதாருக்கு முழு விலை கிடைத்தது. பல தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர் தம் சொந்த மனைக்குக் கடன்காரரானார்! உழவுத் தொழிலாளர் குடியிருக்கும் மனை அவர்களுக்கே உரியது என்று குடியிருப்புச் சட்டம் வகுத்தது 1971ஆம் ஆண்டில்தான். டிரெமென்ஹீர் அறிக்கைக்கும் அச்சட்டத்துக்கும் இடையே 80 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சட்டம் வந்தும் பிணக்கு ஓயவில்லை. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். நூறாண்டுக்கு முந்தைய ஓர் அரசாணைக்காக இருவர் உயிர் துறந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மேற்சொன்ன கதையில் எங்கும் இடம்பெறாதவர்கள் இருளர்கள். ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் புறம்போக்கிலும் வாழ்ந்த அவர்களுக்குச் சேரி என்று குறிக்கப்பட்ட இடம்கூட இருந்ததில்லை. அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்கள் அவர்களில் ஏராளம். பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபின், ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்குகிறது. செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் 1986இல் உருவான இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை அறிவைத் தொழிலாக்கியது. இவ்விரண்டும் பிழைப்புக்கு வழிகாட்டின.

குடியிருப்பென்று வந்தால் இருளர்களுக்குத் தடைகள் வேறு. பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் வழங்க வேண்டும். அதற்கு முன்னோரின் ஆவணம் கேட்கப்படும். ஏரிப் புறம்போக்கு ஆட்சேபணைக்குரியது. அங்கே எத்தனை தலைமுறை வாழ்ந்திருந்தாலும் பட்டா கிடையாது. மாற்றிடம் ஒதுக்கிப் பட்டா கொடுத்தாலும், சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுக் காட்டாதவரை அது வெறும் காகிதமே. இருளரிடையே பணிபுரியும் அமைப்புகளின் உழைப்பில் பெரும்பகுதி, புகைப்படத்தில் விழாத இந்தத் தாலுகா அலுவலக நடைகளிலேயே கழிகிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் காட்சி மாறியது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கரைக்கும் உலகெங்குமிருந்து பணமும் தொண்டு நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. தமிழக அரசு 2005இல் வகுத்த திட்டப்படி, நிலத்தை அரசு தரும். ஏறத்தாழ 300 முதல் 325 சதுர அடி கொண்ட, சுமார் 1.5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டை நிறுவனங்கள் கட்டும். உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும் என்பது பாராட்டத்தக்க விதி. கடலோரப் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது மறுபக்கம். கடலைப் பார்த்தே அலையையும் மீன்வரத்தையும் கணிப்பவர்க்கு அது எளிய பேரமன்று. தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, குடியேறப் போகிறவர்களைக் கலந்து வீடுகளை வடிவமைத்தது நல்ல முன்மாதிரி. சேதமடைந்த வீட்டைக் கணக்கெடுத்து மாற்று வீடு தரும் திட்டத்தில், காட்டுவதற்குப் பதிவான மனையே இல்லாதவர் பின்தங்கிப் போவது இயல்பு.

பல ஆண்டுகளுக்குப் பின், 2021 நவம்பர் 4 அன்று மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் சென்று மனைப்பட்டா வழங்கினார். கோயில் அன்னதானத்தில் தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பை ஒரு நரிக்குறவப் பெண் எடுத்துரைத்த காணொளி நாடெங்கும் பரவியிருந்த நேரம் அது. பல்லவர் கற்கோயில்களைக் காண உலகமே வந்துபோகும் ஊரின் எல்லையில், குடியிருக்க ஒரு சீட்டுக்காகச் சில குடும்பங்கள் 2021 வரை காத்திருந்தன என்பது வெட்கத்துக்குரிய செய்தி. இருளர் உள்ளிட்ட மிக நலிந்த பழங்குடியினருக்காக 2023இல் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்திலும் வீடு உண்டு. அதை எழுப்புவதற்கும் முதலில் இடம் வேண்டும்.

இவ்வரலாறு முழுவதிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. செங்கல்லும் சிமெண்டும் கொடுக்க முன்வருவோர் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நன்கொடையாளருக்குக் கண்ணால் காட்டத்தக்கது சுவர்தான். சேரியின் மனை யாருடையது என்ற கேள்வியைக் கேட்டவர்களோ மிகச் சிலர். அவர்கள் வருவாய்த்துறையோடும் ஊர்ப் பெரியவர்களோடும் பகைத்துக்கொள்ள நேர்ந்தது. ஆனால் ஒரு குடும்பம் எவருக்கும் அஞ்சாமல் கூலி கேட்கவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும், விரும்பிய வேலைக்குப் போகவும் வழிசெய்தவர்கள் அவர்களே. குடியிருப்புக்காக உழைக்கும் எந்த அமைப்பையும் மதிப்பிட, நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி எத்தனை வீடு கட்டினீர்கள் என்பதா, எத்தனை பேர் பெயரில் மனை பதிவானது என்பதா? இச்சீமையின் வரலாறு இரண்டாவதையே கேட்கச் சொல்கிறது.