வாவி, ஆறு, களப்பு

கல்லடிப் பாலத்தடியில் வலை உதறிக்கொண்டிருப்பவரிடம் மீன் எங்கே பட்டது என்று கேட்டால், ‘ஆத்தில’ என்பார். பிள்ளைகளின் புவியியல் புத்தகத்தில் அதே நீர் களப்பு. விடுதிகளின் பெயர்ப்பலகையிலும் மேடைப் பேச்சிலும் அது வாவி. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஓர் உவர்நீருக்கு இத்தனை பெயர்.

களப்பு என்றால் ஆழம் குறைந்த கரையோரக் கடல்நீர். மட்டக்களப்பின் பெயரிலேயே அது இருக்கிறது. வழக்கெல்லாம் முன்னே நிற்கும் ‘மட்ட’ பற்றித்தான். தோணியில் வந்த முக்குவர் ‘இதுவே மட்டு’, அதாவது எல்லை, என்று நின்றுவிட்டதாக ஒரு கதை. சிங்களத்தில் ‘மட’ என்றால் சேறு, ஆகவே சேற்றுக் களப்பு என்பது இன்னொரு கட்சி. கரையில் இறங்கிக் காலைப் புதைத்தவர்கள் இரண்டாவது கட்சிக்கே வாக்களிப்பார்கள்.

சொல் நீரை விட்டு ஊருக்கு ஏறிவிட்டதால் நீருக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. சிங்களத்தில் கூச்சமே இல்லாமல் ‘மடகலபு கலபுவ’ என்கிறார்கள். ‘மட்டக்களப்புக் களப்பு’ என்று சொல்லத் தமிழில் யாருக்கும் நா எழவில்லை போலும். வாவி வந்து அமர்ந்துகொண்டது. வடமொழி ‘வாபி’யின் வழி வந்த இச்சொல் தாமரைக் குளத்துக்கும் படிக்கட்டுத் தடாகத்துக்கும் உரியது. கண்டல் மரமும் இறாலும் உள்ள உப்புத்தண்ணீருக்கு இது இரவல் பட்டுச்சேலைதான்.

இப்படி இரவல் வாங்குவது நம் வழக்கம் மட்டுமல்ல. உலகம் இன்று சொல்லும் ‘லகூன்’ வெனிஸ்காரர் தம் வாசல் நீருக்கு இட்ட ‘லகூனா’. அதன் மூலமான இலத்தீன் ‘லக்கூனா’வுக்குக் குழி, பள்ளம் என்று பொருள், ஏட்டில் எழுத்து உதிர்ந்த இடைவெளிக்கும் அதே சொல். பிறகு கடலோடிகள் அதைப் பசிபிக் பவளத்தீவுகளின் நடுநீர்வரை கொண்டுபோனார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர் தம் மத்தியதரைக் கரைக் களப்புகளை ‘எத்தாங்’, குளம், என்றே அழைக்கிறார்கள். நாம் பழவேற்காட்டை ஏரி என்பதும் அவ்வகைதான். போர்த்துக்கல்லின் அவெய்ரோவில் களப்புக்குப் பெயர் ‘ரியா’. ஆற்று முகத்தைக் குறிக்கும் சொல் அது. மணல் தூர்ந்து அடைபட்ட அதன் வாயை 1808இல் வெட்டித்தான் திறந்தார்கள்.

அவெய்ரோக்காரரின் நியாயம் கல்லடி மீனவருக்கும் பொருந்தும். வாய் உள்ள நீர் ஆறுதானே! பாலமீன்மடுவில் கடலோடு சேரும் இடம் எழுத்தில் முகத்துவாரம், பேச்சில் ஆற்றுவாய். நகரிலிருந்து அங்கே போகும் தெரு பார் வீதி. மதுக்கடை தேடிப் போகிறவர் கலங்கரை விளக்கத்தில் போய் நிற்பார். இந்தப் ‘பார்’, வாயை மறிக்கும் மணல்திட்டுக்கான ஆங்கிலச் சொல். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களுக்கோ பார் என்பது சிப்பி விளையும் கடலடித் திட்டு. ஒலி ஒன்றானாலும் உறவு இல்லை.

அந்த மணல்திட்டுத்தான் மாரிகாலத்தின் பெரிய வழக்கு. கோடையில் ஆற்றோட்டம் தளர, அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் நீர் ஏறினால் சூரியன் படும் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக வயல் மூழ்கும். ‘ஆத்துவாயை வெட்டுங்கோ’ என்று விவசாயிகள் நிற்பார்கள். வெட்டுவது பெரிய வேலையல்ல. மணலில் ஒடுக்கமாக ஒரு வாய்க்கால் கீறிவிட்டால் போதும், பாயும் நீரே இருபக்கமும் கரையை அரித்து அகலமாக்கிக்கொள்ளும். ஆனால் நேரத்தோடு வெட்டினால் வெள்ளத்தோடு இறாலும் கடலுக்குப் போய்விடும் என்பது மீனவர் வாதம். வயல்காரர் நீரின் மட்டத்தைக் காட்டுவார், வலைக்காரர் இறாலின் பருவத்தைக் காட்டுவார். வெட்டும் நாளைக் குறிப்பது அதிகாரிகளின் தலையில் விழும்.