வால்வைப் பிடுங்கியவரும் சீட்டு ஒட்டியவரும்

கோரமண்டல் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் லண்டனில் எல்லோரும் "ஓ, அந்த எக்ஸ்பிரஸ் ரயிலா?" என்கிறார்கள். இல்லைங்க. எங்கள் கோரமண்டல் கோலார் தங்கவயலில், பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப் பாதையில் இருக்கிற ஒரு குட்டி ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ் எதுவும் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. இந்த முன்னுரை எதற்கு என்று கேட்காதீர்கள், கடைசியில் சம்பந்தம் வரும்.

2023 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வடமேற்கு லண்டனில் நம்மவர்கள் கடை வரிசையாக இருக்கும் ஒரு தெரு. முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கி வரச் சொல்லி வீட்டம்மா உத்தரவு. இடம் கிடைத்ததே பெரிய விஷயம். வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் போன் செத்துக் கிடக்கிறது, ஆப்பில் காசு கட்ட முடியாது. பக்கத்திலிருந்த மெஷின் சில்லறை மட்டும்தான் தின்னும். சட்டைப்பையில் பத்து பவுண்ட் நோட்டு. கடைக்குள் ஓடி, ஒரு கட்டு கருவேப்பிலை வாங்கி, சில்லறை வாங்கிக்கொண்டு திரும்பினால், கண்ணாடியில் மஞ்சள் உறை! நாலு நிமிடம் கூட ஆகியிருக்காது.

சீட்டு ஒட்டியவர் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு அவரே தமிழுக்கு மாறினார், யாழ்ப்பாணத் தமிழ்.

"அண்ணை, அடிச்சாப் பிறகு நான் ஒண்டும் செய்ய ஏலாது. நீங்கள் சில்லறை எடுக்கப் போனதுக்கு கடை ரசீது இருக்குத்தானே? அதை வச்சு எழுதிப் போடுங்கோ."

கோபம் தலைக்கேறியது உண்மை. அபராதம் 130 பவுண்ட், 14 நாளில் கட்டினால் பாதி, அதாவது 65. ஒரு கட்டு கருவேப்பிலைக்கு 65 பவுண்ட்!

அன்றிரவு போனில் புலம்பியபோது, ஊரிலிருந்து நைனா கேட்டது ஒரே கேள்வி. "எழுதிப் போட்டா படிப்பானா? படிப்பான்னா எழுதுடா. நம்ம வண்டி வால்வைப் புடுங்கனப்போ யாருக்கு எழுதறது?"

எனக்கு உடனே அந்தக் காட்சி வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசி. கரண்ட் விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் சுரங்கத் தொழிலாளியின் சைக்கிளில் விளக்கு எரிந்ததா என்றால், அது டைனமோவின் தயவு. முன்னால் பாரில் நான், பின்னால் கேரியரில் அரிசி மூட்டை. ஒரு முனையில் போலீஸ்காரர் கை காட்டினார். விளக்கு இல்லை, டபுள்ஸ் வேறு. ரசீதும் இல்லை, பேச்சும் இல்லை. குனிந்தார், வால்வைப் பிடுங்கினார், புஸ்ஸ்ஸ். வால்வ் ட்யூபைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் தண்டனை. லைன் வீடு வரை தள்ளிக்கொண்டே நடந்தோம். வழியெல்லாம் நைனா ஒரு வார்த்தை பேசவில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வருடா வருடம் வரி வாங்கிக்கொண்டு ஒரு சின்னத் தகட்டு வில்லை கொடுத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு வால்வ் கதையும் தெரிந்திருக்கும். யோசித்துப் பாருங்கள், குற்றம் என்ன என்று எழுதப்படவில்லை, தொகை கிடையாது, முறையிட இடம் கிடையாது. கையும் பாக்கெட்டும்தான் சட்டம்.

நைனாவின் கேள்வி மண்டையைக் குடைந்ததால், இந்த மஞ்சள் உறை எங்கிருந்து கிளம்பியது என்று தேட ஆரம்பித்தேன்.

கதை அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரில் தொடங்குகிறது. 1935 ஜூலை 16 அன்று உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் அங்கே நடப்பட்டது. யோசனை கார்ல் மேகி என்ற பத்திரிகை ஆசிரியருடையது. மணிக்கு 5 சென்ட். கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்களே நாள் முழுக்க வண்டியை நிறுத்திவிட, வாங்க வருபவர்களுக்கு இடமில்லை என்பதுதான் பிரச்சினை. இடம் சுழலவேண்டும், அதற்குத்தான் காசு. இந்த முதல் நோக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே மீட்டரில் மாட்டிய முதல் ஆள் ஒரு பாதிரியார். அவர் கோர்ட்டில் சொன்ன காரணம் என்ன தெரியுமா? சில்லறை வாங்க மளிகைக் கடைக்குள் போயிருந்தேன் என்று! வழக்கு தள்ளுபடி. இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். 88 வருடத்துக்கு முன்னாலேயே எனக்கு ஒரு கூட்டாளி :-)

லண்டனுக்கு மீட்டர் 1958 ஜூலையில் வந்தது, மேஃபேர் பகுதிக்கு, மணிக்கு ஆறு பென்ஸ். மீட்டர் வந்தால் அதைப் பார்க்க ஆள் வேண்டுமே. 1960 செப்டம்பரில் வெஸ்ட்மின்ஸ்டரில் டிராஃபிக் வார்டன்கள் இறங்கினார்கள். முதல் நாளே 344 சீட்டு. முதல் சீட்டு வாங்கியவர் தாமஸ் கிரெய்டன் என்ற டாக்டர். ஒரு ஹோட்டலில் மாரடைப்பில் கிடந்தவருக்கு வைத்தியம் பார்க்க வண்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடியவர். அபராதம் 2 பவுண்ட். ஊரே கொதித்ததும் அதை விட்டுக்கொடுத்தார்கள். அங்கே பாதிரியார், இங்கே டாக்டர். வார்டன் மேல் மக்களுக்கு ஏற்பட்ட கடுப்பு பிறக்கும்போதே பல்லோடு பிறந்திருக்கிறது.

1983-ல் லண்டன் சக்கரப் பூட்டையும் இறக்குமதி செய்துகொண்டது. டென்வர் நகரத்தின் பிராங்க் மரக் கண்டுபிடித்தது அது. அவர் அந்த ஊர் சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவராம். வயலின் வாசித்த கையால் செய்கிற காரியமா இது? தனியார் நிலத்தில் பூட்டுப் போட்டுக் காசு பிடுங்குகிற கூத்து எல்லை மீறிப் போய், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபரில் அதைத் தடை செய்தார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பூட்டு சமாச்சாரம் அல்ல. 1991-ல் வந்த ஒரு சட்டம். அதுவரை தவறாக வண்டி நிறுத்துவது போலீஸ் பார்க்கும் குற்றம். அந்தச் சட்டத்தால் லண்டனில் அது கவுன்சில்கள் பார்க்கும் சிவில் விவகாரமாக மாறியது. அபராதப் பணமும் கவுன்சிலுக்கே. பூனையிடமே பாலைக் கொடுத்துக் காவல் வைத்த மாதிரி என்று தோன்றுகிறதல்லவா? அதனால்தான் கூடவே இரண்டு கடிவாளம் இருக்கிறது. ஒன்று, கவுன்சிலைச் சாராத நடுவரிடம் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது. இன்னொன்று 1984-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது: பார்க்கிங்கில் மிஞ்சும் பணத்தைச் சாலை, போக்குவரத்து போன்ற குறிப்பிட்ட வேலைகளுக்குத்தான் செலவழிக்கலாம்.

இரண்டாவது கடிவாளம் வெறும் காகிதம் என்று நினைத்தால், பார்னெட் கவுன்சில் கதையைப் படியுங்கள். அங்கே வீட்டு வாசலில் நிறுத்தும் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 ஆக்கினார்கள். விருந்தாளி வந்தால் கொடுக்கும் சீட்டு 1 பவுண்டிலிருந்து 4. டேவிட் அட்ஃபீல்ட் என்ற குடியிருப்பாளர் வழக்குப் போட்டார். 2013 ஜூலையில் ஹைகோர்ட் சொன்ன தீர்ப்பின் சாரம்: இந்தச் சட்டம் கஜானா நிரப்புகிற சட்டம் அல்ல, வருமானத்துக்காக ஏற்றியது செல்லாது. ஓக்லஹோமாவின் முதல் நோக்கத்தை எண்பது வருடம் கழித்து ஒரு நீதிமன்றம் தட்டி எழுப்பிய மாதிரி இருந்தது எனக்கு.

வார்டன்களுக்குச் சீட்டு எண்ணிக்கையை வைத்துக் கூலியோ போனஸோ கொடுக்கக்கூடாது என்றும் அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. 2008-ல் அவர்களுக்குப் பெயர்கூட மாற்றினார்கள், சிவில் அமலாக்க அலுவலர் என்று. யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்? நமக்கு வார்டன்தான். இந்த வேலையில் நம்மைப் போலக் கப்பலோ விமானமோ ஏறி வந்தவர்கள் நிறையப் பேர். மழையில் நின்று திட்டு வாங்குகிற வேலை. சில சமயம் அடியும்.

அபராதம் யாருக்குப் போகவேண்டும் என்ற கேள்வி இந்தியாவுக்குப் புதிதல்ல. ஆலைகளிலும் ரயில்வேயிலும் தொழிலாளியின் கூலியில் முதலாளி இஷ்டத்துக்கு அபராதம் பிடித்த காலம் ஒன்று இருந்தது. 1931-ல் விட்லி கமிஷன் அறிக்கை வந்து, 1936-ல் கூலி வழங்கல் சட்டம் வந்தது. ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் அபராதம் போடக்கூடாது, அதாவது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. போடும் முன் அந்த ஆளுக்குக் காரணம் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவேண்டும். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவனுக்கு அபராதமே கூடாது. வசூலான பணம் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவாகவேண்டும், முதலாளி பைக்குப் போகக்கூடாது. லண்டன் கடிவாளங்கள் இரண்டுமே இதில் இருப்பதைக் கவனித்தீர்களா? நம் ஆட்களுக்கு இந்தத் தர்க்கம் எப்போதோ புரிந்துவிட்டது.

அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு. எங்கள் தங்கவயல் மைசூர் சமஸ்தானம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து அது வேலியும் வாட்ச்மேனுமாக இருந்த ஊர். தங்கம் திருட்டுப் போகக்கூடாது என்பதற்கே தனியாகச் சுரங்கச் சட்டங்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன எங்கள் தாத்தாக்கள், தோண்டுகிறவனே முதல் சந்தேகத்துக்குரியவன் என்ற கணக்கில்தான் வாழ்ந்தார்கள். 1930-ல் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிய முயன்றபோது ஆயிரக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். அவர்கள் ரேகை கொடுக்கமாட்டோம் என்று நின்றது எதற்கு என்று நான் சின்ன வயதில் யோசித்ததுண்டு. இப்போது ஒன்றும் பெரிய புதிராகத் தெரியவில்லை. எழுதிப் போட இடமில்லாத ஊரில் வேலைநிறுத்தம்தான் மனு.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. அதன் பிறகு ஊரே விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய் வருகிற ஊராயிற்று. என் மச்சானும் அதில் ஒருவன், அங்கே ஸ்கூட்டர் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறான். எனக்குச் சீட்டு விழுந்த அதே பிப்ரவரி 2023-ல் அவனும் போனில் குதித்தான், ஆனால் சந்தோஷத்தில்! கர்நாடகத்தில் பாக்கி இருக்கும் போக்குவரத்து அபராதங்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி, 3-ம் தேதி முதல் 11-ம் தேதி வரை. தீபாவளி ஜவுளிக்கடை மாதிரி க்யூவாம். அந்த ஒன்பது நாளில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். எனக்கும் பாதி, அவனுக்கும் பாதி. ஆனால் என் பாதி சீட்டிலேயே அச்சடித்தது, அவன் பாதி அரசாங்கம் மனசு வைத்தால் வருவது.

அவனுக்கு வேறொரு பழைய கோபமும் உண்டு, அது டோயிங் லாரி. இரண்டு சக்கர வண்டிகளைக் கொத்தாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் அந்த லாரிகளைத் தனியார் ஓட்டினார்கள். தூக்கினால்தான் காசு. பிறகு எதைத் தூக்குவார்கள், எதை விடுவார்கள் சொல்லுங்கள். மக்கள் எரிச்சல் முற்றி, 2022 பிப்ரவரியில் பெங்களூரில் அந்த டோயிங்கையே நிறுத்திவைத்தார்கள். 2019 செப்டம்பரில் புது மோட்டார் வாகனச் சட்டம் பொது அபராதத்தை 100 ரூபாயிலிருந்து 500 ஆக்கியபோதும் இதே கூச்சல், அந்த மாதமே கர்நாடகம் பல அபராதங்களைக் குறைத்தது. விதி கடுமையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெங்களூர் நடைபாதையில் நடந்து பார்த்தவன் எவனும் கடுமை வேண்டாம் என்று சொல்லமாட்டான். தூக்குகிறவனுக்கு எண்ணிக்கைக்குக் கூலி என்கிற இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது.

சரி, என் சீட்டு. கடை ரசீதை வைத்து எழுதினேன். கவுன்சில் மறுத்தது, ஆனால் 65-ஐ மறுபடி நீட்டியது. அதைக் கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். விடாமல் போனால் பாதி போய் முழு 130. வீட்டம்மா "ஒரு கருவேப்பிலைக்கு இவ்வளவு வீம்பா?" என்றாள். நியாயமான கேள்விதான். நைனாவின் மௌனத்தை நினைத்துக்கொண்டு முழு மனுவும் போட்டு, அதுவும் மறுக்கப்பட்டு, நடுவரிடம் போனேன். போனிலேயே விசாரணை, இருபது நிமிடம். கடைக்கும் மெஷினுக்கும் எத்தனை அடி, ரசீதில் என்ன நேரம், சீட்டில் என்ன நேரம் என்று அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். காசு கட்டுவதற்கு நியாயமாகத் தேவைப்படும் நேரம்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி ரத்து செய்தார்.

நைனாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த அம்மா முழுசா கேட்டுதா? நடுவுல நிறுத்தாம?" என்றார். முழுசா கேட்டாங்க என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே தெருவில் அதே வார்டன். சீட்டு ரத்தானதை ஓடிப்போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"நல்லது அண்ணை. அது சரி, இண்டைக்குக் காசு போட்டாச்சோ?"

திரும்பி மெஷினைப் பார்த்து ஓடினேன்.