முத்து பொய்த்த கடல்

1873 ஜூலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் பெனிகீஸ் என்றொரு குட்டித் தீவு. ஜான் ஆண்டர்சன் என்ற புகையிலை வியாபாரி அந்தத் தீவையும் 50,000 டாலரையும் தூக்கிக் கொடுத்தார். லூயி அகாசி என்ற விலங்கியல் பேராசிரியர் அங்கே ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார். கட்டட வேலை முடிவதற்குள் மாணவர்கள் வந்து இறங்கிவிட, ஒரு பழைய கொட்டகைதான் கைகொடுத்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கடலைப் பார்க்கச் சொன்னார் அகாசி. டிசம்பரில் அவர் கண்மூடினார். அடுத்த கோடையோடு பள்ளியும் மூடியது. மாணவர்களுக்கென்றே பிறந்த தீவுப் பள்ளிக்கு ஆயுள் அவ்வளவுதான். நம் கடலிலோ கதை தலைகீழாக நடந்தது.

மன்னார் வளைகுடாவில் சர்க்காரின் கண்ணெல்லாம் முத்தின் மேல் இருந்தது. முத்துச் சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான பார்கள் ஒரு வருடம் கொட்டிக் கொடுக்கும். பல வருடம் கையை விரித்துவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் ராமேஸ்வரத்தையும் சுற்றியுள்ள தீவுகளையும் துழாவி, அங்குள்ள கடலுயிர்களைப் பற்றி 1887இல் அறிக்கை வெளியிட்டார். பவளம், கடற்பஞ்சு, நண்டு என்று என்னென்னவோ அகப்பட்டன. முத்து ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

இலங்கைப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1891க்குப் பிறகு பத்து வருடங்களுக்கும் மேலாக முத்துக்குளிப்பே இல்லை. காரணம் கண்டுபிடிக்க 1902இல் ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் வந்தார். அவர் திரும்பிப் போனார். கூட வந்த ஜேம்ஸ் ஹார்னெல் தங்கிவிட்டார். 1903இல் முத்து திரும்பியது. அதை நம்பி ஒரு கம்பெனி 1906இல் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு மறுபடி வெறும் சிப்பி, வெறும் கடல்! கம்பெனி முழுகியது. ஹார்னெல் கரையேறிச் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, பிற்பாடு அதன் இயக்குநரும் ஆனார். சின்ன காஞ்சிபுரத்து வரதர் கையில் ஏந்தியிருக்கிறாரே, அந்தச் சங்கைப் பற்றி 1914இல் தனி நூலே எழுதியவர் அவர். அதே 1914இல் பாம்பன் ரயில் பாலமும் திறந்தது. பாம்பனிலிருந்து தோணி தூரத்தில் ஒரு தீவு இருந்தது.

அது குருசடை. மீன்வளத் துறை அங்கே ஆய்வு நிலையம் வைத்திருந்தது. அருங்காட்சியகத்தின் கிரேவ்லி தன் சகாக்களோடு அந்தக் கரையைச் சல்லடை போட்டுத் தேடினார். 1927இல் அருங்காட்சியகம் வெளியிட்ட நூலில் கரையோர உயிர்கள் வரிசையாக இடம்பெற்றன. தாவரங்களைப் பற்றி எழுதியவர் பாசி அறிஞர் எம்.ஓ.பி. அய்யங்கார். முத்து தேடியவர்கள் மிதித்துக்கொண்டே போயிருக்கக்கூடிய ஒரு மணல் புழுவும் இந்தத் தீவில்தான் வாழ்கிறது.

முதுகெலும்பிகளின் தூரத்து உறவு அது, பெயர் பலனோகிளாசஸ். கடல் வற்றும் நேரம் மணல் மேல் சுருள் சுருளாக அதன் கழிவு கிடக்கும். பக்கத்தில் மெல்லத் தோண்டினால் ஆஸ்பத்திரி அயோடோபார்ம் வாடை முதலில் வரும், புழு பிறகு வரும். அவசரப்பட்டால் அறுந்துபோகும். இதைப் பார்ப்பதற்கென்றே பேராசிரியர்கள் மாணவர்களை ரயிலேற்றினார்கள். முத்துக்காகத் துழாவிய கடல் இப்படித்தான் மாணவர்களின் பள்ளியானது.

காஞ்சிபுரமானாலும் மதுரையானாலும், விலங்கியல் வகுப்பில் 'டூர்' என்றதும் ராமேஸ்வரம் பக்கம் மூட்டை கட்டுவதன் பின்கதை இதுதான். ரெக்கார்ட் நோட்டின் கோடில்லாத பக்கத்தில், கூராகச் சீவிய பென்சிலால் பலனோகிளாசஸை வரையாமல் யாரும் தப்பியதில்லை. அந்தப் படம் வெறும் மதிப்பெண் சமாசாரம் இல்லை. கழுத்துப் பட்டை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்பது வரைகிறபோதுதான் கண்ணில் படும். கைபேசியில் எடுத்த போட்டோ அந்த வேலையைச் செய்யாது.

டூருக்கு இன்னொரு முகமும் உண்டு. வருடாவருடம் எத்தனையோ உயிர்கள் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போயின. வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பவளப் பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியதில் கடலுக்குள் போய்விட்டன. 1986இல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவாயின. இப்போது குருசடைக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். பவளத் துண்டைக்கூட எடுத்துவர முடியாது. நோட்டும் பென்சிலும் கொண்டுபோகலாம்.