பூட்டிலிருந்து பிடிமானத்துக்கு: முழங்கால் தாங்கிகளின் வரலாறு

முன்னுரை

நடையில் முழங்காலுக்கு இரண்டு வேலைகள். ஊன்றும்போது அது மடங்கக் கூடாது. காலை வீசும்போது மடங்கியே ஆக வேண்டும். சமதரையில் வீச்சின்போது ஏறத்தாழ 60 பாகை மடங்குகிறது. ஊன்றிய காலை மடங்காமல் பிடித்திருப்பது தொடையின் முன்புறத்திலுள்ள நாற்றலைத் தசை. போலியோ, தசைச்சிதைவு நோய், தண்டுவடக் காயம் ஆகியவற்றால் அந்தத் தசையோ அதை இயக்கும் நரம்போ பழுதுபட்டால், எடை இறங்கியதும் கால் மடங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு நடப்பவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்போம். தசை செய்ய வேண்டியதை அங்கே கை செய்கிறது.

அந்தக் கைக்கு விடுதலை தர வந்தது காலிப்பர் எனப்படும் கால் தாங்கி. நிற்க வேண்டிய உறுதியையும் நடக்க வேண்டிய மடக்கத்தையும் ஒரே கருவி எப்படித் தருவது? இக்கருவியின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்வியே நகர்த்தியிருக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இரும்பும் பூட்டும்

லிவர்பூலில் மருத்துவம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) வழிவழியாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்களைப் பற்றி 1875இல் நூல் எழுதினார். நோயுற்ற மூட்டுக்கு நீண்ட, இடையறாத ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. தொடையின் மேற்பகுதியில் ஒரு வளையம், இருபுறமும் இரும்புக் கம்பிகள், கம்பியின் நுனிகள் உள்நோக்கி வளைந்து காலணியின் குதிக்குள் செருகும்: இதுவே அவருடைய நடைக் காலிப்பரின் அமைப்பு. மூட்டை அசைக்காமல் வைப்பதே நோக்கம் என்பதால் அதில் முழங்கால் மடங்க வழியில்லை.

பின்னர் முழங்காலில் கீல் வந்தது. அதன்மேல் வளையப் பூட்டு வந்தது. நின்றதும் வளையம் கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமென்றால் கையால் மேலே தூக்க வேண்டும். நிற்கும் சிக்கல் தீர்ந்தது. நடக்கும் சிக்கல் தீரவில்லை. நீட்டிய காலைத் தரையில் இடிக்காமல் முன்னே கொண்டுபோக இடுப்பைத் தூக்க வேண்டும், காலை வெளிப்புறமாகச் சுழற்ற வேண்டும், அல்லது மறுகாலின் நுனியில் எம்ப வேண்டும்.

இதன் வலியும் அபாயமும் ஒருசேரப் பதிவானது அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கையில். 1921இல், 39 வயதில் கால்கள் செயலிழந்த அவர், பூட்டிய எஃகுத் தாங்கிகளோடுதான் மேடைகளில் நின்றார். 1936 ஜூன் 27 அன்று பிலடெல்பியாவில் வேட்பாளர் ஏற்புரைக்குப் போகும் வழியில் ஒரு தாங்கியின் பூட்டு விலகியது, அவர் விழுந்தார். உடனிருந்தோர் தூக்கி நிறுத்த, சற்று நேரத்தில் உரையாற்றினார். 1945 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தபடி பேசியபோது, காலில் சுமக்கும் பத்து பவுண்டு எஃகையே அதற்குக் காரணமாகச் சொன்னார். பூட்டுக்கு இரண்டே நிலைகள்: முழுதாகப் பிடிக்கும், அல்லது முழுதாகக் கைவிடும்.

அச்சும் நெகிழியும்

அடுத்த மாற்றங்கள் இரண்டு. கீலின் அச்சைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். எடைக்கோடு அச்சுக்கு முன்னால் விழுவதால் முழங்கால் பூட்டின்றியே நிலைத்தது. ஆனால் சரிவுகளில் இந்த உத்தி நம்பத்தக்கதல்ல. காலை முழுதாக நீட்ட முடியாதவர்களுக்கு உதவாது. மற்றொன்று, சூடாக்கிக் காலின் வார்ப்பில் படியவைக்கும் பாலிபுரோப்பிலீன். இதனால் எடை குறைந்தது; தாங்கி வழக்கமான செருப்பு, ஷூவுக்குள் அடங்கியது.

நடையை அறியும் கீல்

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஊன்றும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும் கீல்கள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றுள் சிலவற்றில் கணுக்காலின் அசைவு ஒரு கம்பியை இழுக்கும். ஊன்றல் முடிந்ததும் பூட்டு திறக்கும். கால் மடங்கி வீசும். கைக்கு வேலையில்லை. எனினும் இவ்வகைக் கீல்கள் பலவற்றில் கால் முழுதாக நீண்டால்தான் மறுபடி பூட்டு விழும். நீளாத காலில் எடை விழுந்தால் பழைய வீழ்ச்சிதான்.

இந்த இடைவெளியை நிரப்பியது செயற்கைக் கால் தொழில்நுட்பம். 1919இல் தொடங்கப்பட்ட ஜெர்மானிய நிறுவனமான ஆட்டோபாக், நுண்செயலி இயக்கும் சி-லெக் செயற்கை முழங்காலை 1997இல் அறிமுகம் செய்தது. அதே கொள்கையில் 2010களில் சி-பிரேஸ் என்ற தாங்கி வந்தது. உணரிகள் காலின் நிலையைக் கணிக்க, நீரியல் உருளை அதற்கேற்ப எதிர்ப்பைக் கூட்டும், குறைக்கும். பூட்டுக்குப் பதில் பிடிமானம்: முழங்கால் எடையைத் தாங்கியபடியே மெல்ல மடங்கும். எனவே சரிவில் இறங்கலாம், ஒரு படிக்கு ஒரு காலாக மாடிப்படி இறங்கலாம், நாற்காலியில் நிதானமாக அமரலாம். கருவி தானாகக் காலை வீசாது. இடுப்பில் ஓரளவு வலு வேண்டும், மின்கலத்துக்கு மின்னேற்றம் வேண்டும், விலையும் மிக அதிகம்.

முடிவுரை

இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் நேர்ந்த கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவாயிற்று. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. நோய் போனாலும் நோயுற்றோர் இருக்கிறார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் தசைகள் மேலும் தளரும் பின்போலியோ பாதிப்பு, அதுவரை சுமை தாங்கிய நல்ல காலையும் விட்டுவைப்பதில்லை. உதவிக் கருவிகள் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான அலிம்கோ 1972இல் கான்பூரில் நிறுவப்பட்டது. அவற்றை வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டம் 1981இலிருந்து நடக்கிறது. அந்த அடித்தளத்தின் மீது, பூட்டுக்கும் நுண்செயலிக்கும் நடுவிலுள்ள இயந்திரக் கீல்களையும், அவற்றை ஒவ்வொரு காலுக்கும் அளவெடுத்துப் பொருத்தும் கைத்திறனையும் வளர்ப்பதே எட்டக்கூடிய அடுத்த படி. காலிப்பர் கொடுத்தோம் என்ற கணக்கோடு நில்லாமல், அதை மாட்டிக்கொண்டவர் எப்படி நடக்கிறார் என்பதையும் இனி அரசு கணக்கெடுக்க வேண்டும்.