முத்துக் கணக்கும் தொகையீட்டு விதியும்

மன்னார்த் தீவின் மீனவர் ஊர்களுள் ஒன்றாகிய தாழ்வுபாட்டின் முன்னே விரிந்து கிடப்பது மன்னார் வளைகுடா. அக்குடாவின் இலங்கைக் கரையோரம், சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய இடங்களை அடுத்த பார்களில் ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்புகள் நடைபெற்றன. அங்கு வழங்கிய கணக்கு முறையினை ஒரு கணித விதியின் துணைகொண்டு நோக்குதலே இங்கு நம் கருத்தாகும்.

வரையறுத்த தொகையீடொன்றில் மாறிலியால் பெருக்க நேரின், அம்மாறிலியைத் தொகையீட்டுக் குறிக்கு வெளியே எடுக்கலாம். தொகையிடப்படும் மாறியில் தங்கியுள்ள சார்பினை அவ்வாறு எடுத்தல் ஆகாது. தொகையீடு என்பது நுண்கூறுகளின் கூட்டுத்தொகை அடையும் எல்லை. எல்லாக் கூறுகளையும் ஒரே எண் பெருக்கின் அது பொதுக் காரணி. கூறுதோறும் வேறுபடும் எண் பொதுக் காரணியாதல் இயலாது.

முத்து வணிகர் இதனைத் தம் தொழில்வழி அறிந்திருந்தனர். முத்தின் மதிப்பினைச் 'சவ்வு' அல்லது 'செவ்வு' என்னும் அளவால் கணித்தனர். ஒரு தொகுதியின் மொத்த நிறையை மஞ்சாடியில் கண்டு, அதனை வர்க்கித்து, முக்காலால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சவ்வு கிடைக்கும். இரண்டு மஞ்சாடி முத்துகள் இரண்டு எனின் சவ்வு 6. ஒன்று, மூன்று மஞ்சாடி நிறையுள்ள இரு முத்துகளைச் சேர்த்துக் கணித்தாலும் 6. தனித்தனியே கணித்துக் கூட்டினாலோ 7½. முக்கால் மாறிலி; அதனை முன்னர்ப் பெருக்கினும் பின்னர்ப் பெருக்கினும் ஒன்றே. நிறையோ முத்துக்கு முத்து மாறுவது. ஆதலின், துளையிட்ட பித்தளைப் பெட்டிகளால் முத்துகளைப் பருமன்வாரியாகச் சலித்துப் பிரித்த பின்னரே சவ்வுக் கணக்குப் பொருந்தும்.

குளிப்போர் பெற்ற கூலிக் கணக்கு வேறு. சிப்பிகள் திறக்கப்படாமலே மூன்று குவியல்களாக்கப்பட்டன; இரண்டு அரசுக்கு, ஒன்று குளிப்போர்க்கு. 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் பணிபுரிந்த லெனாட் வூல்ஃப் இம்முறையைப் பதிவு செய்துள்ளார். மூன்றிலொன்று என்பது மாறிலி. குளிப்போர் தம் சிப்பிகளை அங்கேயே சில்லறையாய் விற்றனர். வணிகரோ ஆயிரக்கணக்கில் ஏலத்தில் வாங்கி, அழுகவிட்டுக் கழுவிச் சலித்து நிறுத்தனர். முத்தற்ற சிப்பிகளால் வரும் இழப்பையும் வணிகர் ஏற்றனர் என்பது மெய்யே. ஆயினும், உழைப்புக்கு எண்ணிக்கையின்படியும், காத்திருக்க வல்ல முதலுக்கு நிறையின் வர்க்கத்தின்படியும் பயன் வகுத்தது அச்சந்தை.

முதலும் இவ்விதிக்குத் தப்பவில்லை. 1906இல் இலங்கை முத்துக்குளிப்புக் கம்பனி ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் இப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைப் பணம் காலத்தோடு மாறாதது. இருபதால் பெருக்க 62 இலட்சம். சிப்பி விளைவோ காலத்தின் சார்பு. அதனையும் மாறிலியெனக் கொண்டமை பிழையாயிற்று: 1907க்குப் பின் பார்கள் பொய்த்தன, 1912இல் கம்பனி கலைந்தது.

மாறுவதனை மாறாததாகக் கொள்ளுதல் ஏட்டில் நேரும் வழு மட்டுமன்று என்பது இதனாற் புலனாகும். பொருளியல் வரலாற்றை ஆராய்வோர் ஒவ்வொரு கணக்கிலும் எதனை மாறிலியாக்கினர், அதனால் எவர் பயனுற்றனர் என வினவுதல் வேண்டும்.