புறப்படும் வேளையின் கவனம்

எங்கள் பீடோர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து உறவினரைக் காணத் தமிழகத்துக்கு விமானம் ஏறுவோர் உண்டு. விமான வரலாறு நமக்கும் உரியதே.

1978 ஜனவரி 1 இரவு, ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ ஜம்போ விமானம் பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது. கீழே இருண்ட கடல். வலப்புறம் திரும்பிய விமானம் மீண்டும் நேரானது. ஆனால், தலைமை விமானியின் சாய்வு காட்டும் கருவி பழுதாகி, வலச்சாய்வையே காட்டியது. அதை நம்பி அவர் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். மற்றக் கருவிகளைப் பார்த்து விமானத்தை நிமிர்த்த முடியவில்லை. இரண்டு நிமிடங்களுக்குள் விமானம் கடலில் வீழ்ந்தது. 213 பேரும் மாண்டனர்.

கவனம் சிதறியதால் நேர்ந்த வேறு விபத்துகளுக்குப் பின், 1981இல் அமெரிக்கா 10,000 அடிக்குக் கீழே விமானி அறையில் வீண் பேச்சைத் தடை செய்தது. ஒரு கருவியை மட்டும் நம்பாமல் மற்றவற்றோடு ஒப்பிடுவதும், பேச்சை அடக்கி வேலையில் கண் வைப்பதும் பல உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடங்கள்.