மடையும் தவக்குலும்

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கண்மாய்ப் பாசன உழவர் கரையையும் மடையையும் செப்பனிட்ட பின்னரே மழையை எதிர்நோக்குவர். தவக்குலைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவோரோ நம்மிடையே உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புமாறு பெருமானார் (ஸல்) பணித்ததை அவர்கள் மறந்தனர் போலும்!

இவ்வினாவை யூதரும் ஆராய்ந்தனர். 11ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் சரகுஸ்தா நகரில் வாழ்ந்த பஹ்யா இப்னு பகூதா, உள்ளத்தின் கடமைகளைப் பற்றி அரபியில் ஒரு நூல் யாத்தார். ஸூஃபியரின் கருத்துகள் அதில் விரவியுள்ளன. அதன் பத்து வாயில்களுள் நான்காவது தவக்குல் பற்றியது. நாம் ஓதும் அதே சொல்! உழுது, களையெடுத்து, விதைத்துவிட்டு, விளைச்சலுக்கு இறைவனை நம்ப வேண்டும் என்பது அவர் கருத்து. விதி காக்குமென்று நஞ்சுண்பவனை அவர் குற்றவாளியாகவே கொள்கிறார். 1161இல் யூதா இப்னு திப்பன் அந்நூலை எபிரேயத்தில் பெயர்க்கத் தொடங்கினார். ஆங்குத் தவக்குல் ‘பித்தஹோன்’ ஆயிற்று.